மாமாவின் ஒர்க்‌ஷாப்பை எந்த அளவில் செய்வது?

மதுரை பழங்காநத்தத்தில் என் தாய்மாமா முப்பது வருடம் நடத்திய ஒர்க்‌ஷாப் இப்போது இல்லை. இடத்தைக் கொடுத்துவிட்டார், அங்கே அடுக்குமாடி எழுந்துவிட்டது. சிமெண்ட் ஷீட் கூரை, மூன்று பக்கம் சுவர், முன்பக்கம் முழுத் திறப்பு, நடுவில் காருக்கு அடியில் நின்று வேலை பார்க்கும் குழி, வேப்ப மரத்தடியில் முறைக்குக் காத்து நிற்கும் அம்பாசிடர்கள். அந்த இடத்தை அப்படியே சின்னதாக்கி ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து அவரிடம் கொடுக்க வேண்டும் என்று இரண்டு வருடத்துக்கு முன் ஆரம்பித்தேன்.

முதல் முயற்சி 1:64 அளவில், அதாவது நிஜத்தின் 64 பங்கில் ஒரு பங்கு. கார் கிடைத்தது, கொட்டகை எழும்பியது, கூரையும் ஏறியது. சுவரில் ஸ்பேனர் மாட்டும் பலகையைச் செய்ய உட்கார்ந்தபோது கை நின்றுவிட்டது. 20 செ.மீ. நீளமுள்ள ரிங் ஸ்பேனர் அந்த அளவில் 3 மி.மீ. மெல்லிய கம்பியை வெட்டி ஒட்டினால் கம்பித் துண்டாகத்தான் தெரிகிறது. வளையம் தெரியவில்லை, வளைவு தெரியவில்லை. மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வெகு நேரம் பார்த்துவிட்டு, "கார் நல்லா இருக்குப்பா. வேலை நடக்குற மாதிரி தெரியலயே" என்றார்.

அவர் சொன்னது சரி. அன்றிலிருந்து நான் பிடித்துக்கொண்டிருக்கும் விதி இதுதான்: கண்ணுக்குத் தெரிந்தே ஆக வேண்டிய மிகச் சின்னப் பொருள் எது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். அளவு, கார், சுவர், தரை எல்லாம் அதற்குப் பின்னால் வர வேண்டும். பெரும்பாலானவர்கள் கையில் இருக்கும் காரிலிருந்து தொடங்குகிறார்கள், நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒர்க்‌ஷாப்பைப் பொறுத்தவரை கார் ஒரு விருந்தாளி. அந்த வீட்டில் குடியிருப்பவை ஸ்பேனரும் ஜாக்கியும் கிரீஸ் டப்பாவும்.

அளவு

அடிக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இந்த விகிதங்கள் சட்டென்று பிடிபடும். 1:12 என்றால் ஒரு அடி ஒரு அங்குலம். 1:24 என்றால் ஒரு அடி அரை அங்குலம். 1:18இல் ஒரு அடி என்பது மூன்றில் இரண்டு பங்கு அங்குலம். 1:43 பொம்மை ரயில் உலகத்திலிருந்து வந்த அளவு, அடிக்கு 7 மி.மீ. 1:64இல் அடிக்கு ஒரு அங்குலத்தின் பதினாறில் மூன்று பங்கு. மாமாவுக்கு நினைவில் இருப்பதெல்லாம் அடிதான். "குழி நாலரை அடி ஆழம்" என்றால் 1:24இல் இரண்டே கால் அங்குலம் என்று பேப்பரும் பேனாவும் இல்லாமலே சொல்லிவிடலாம். இந்த வசதியை நான் பெரிதாக மதிக்கிறேன். ஒரு டயோரமாவுக்குள், அதாவது இப்படிச் சின்னதாக்கிய காட்சிக்குள், நூற்றுக்கணக்கான அளவுகளை மாற்ற வேண்டியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் கால்குலேட்டரை எடுத்தால் அலுப்பில் ஏதாவது ஒன்றைக் குத்துமதிப்பாக வெட்டிவிடுவோம். அந்த ஒன்று கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும்.

மாமாவின் இடம் 30 அடிக்கு 40 அடி. இதை ஒவ்வொரு அளவிலும் போட்டுப் பார்த்தேன். 1:64இல் ஐந்தரை அங்குலத்துக்கு ஏழரை, உள்ளங்கையில் தாங்கலாம். 1:43இல் 21 செ.மீ.க்கு 28 செ.மீ., கிட்டத்தட்ட ஒரு ஏ4 தாள். 1:35இல் 26க்கு 35 செ.மீ. 1:24இல் 15 அங்குலத்துக்கு 20. 1:18இல் 20 அங்குலத்துக்குக் கிட்டத்தட்ட 27. 1:12இல் 30 அங்குலத்துக்கு 40. அது மேஜை அளவு, வாசலில் நுழைவதே பாடு.

1:64ஐ ஒரேயடியாக ஒதுக்கச் சொல்ல மாட்டேன். சிம்மக்கல் பக்கம் உள்ளதுபோல வரிசையாகப் பத்து கடைகள், நடுவில் தெரு, தெரு நிறைய வண்டிகள் என்று செய்ய நினைத்தால் அதுதான் வழி. பொம்மைக் கடையிலேயே கார் கிடைக்கிறது, செலவு குறைவு. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: ஹாட் வீல்ஸ் போன்றவற்றில் பல வண்டிகள் பாக்கெட் அளவுக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துச் செய்தவை. லாரியும் காரும் ஒரே நீளத்தில் இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் காட்டிக்கொடுத்துவிடும்.

பஸ் பாடி கட்டும் பட்டறையாக, கரூர்ப் பக்கம் பார்க்கிற மாதிரியான இடமாக இருந்தால் 1:43 போதும், அதுவே நல்லதும்கூட. 11 மீட்டர் பஸ் 1:24இல் 46 செ.மீ. வரும், 1:43இல் 26 செ.மீ.க்குள் முடிந்துவிடும். அங்கே பார்ப்பவரின் கண் தேடுவது ஸ்பேனரை இல்லை. தகடு அடிக்காத எலும்புக்கூடு, ஜன்னல் சட்டம், வெல்டிங் வெளிச்சம் இவற்றைத்தான். இவையெல்லாம் 1:43இல் நன்றாகவே தெரியும்.

1:35 ராணுவ மாடல் செய்பவர்களின் அளவு. இதற்கு உதிரிச் சாமான் கொட்டிக் கிடக்கிறது. மினிஆர்ட் போன்ற நிறுவனங்கள் பட்டறைக் கருவிகள், எண்ணெய் டிரம்கள், பெட்டிகள் என்று தனித்தனிப் பெட்டிகளாகவே விற்கின்றன. ஜப்பானின் தாமியா நிறுவனத்தின் வில்லிஸ் ஜீப் இந்த அளவில் இருக்கிறது. மகிந்திரா நிறுவனம் 1947க்குப் பிறகு இங்கே பாகம் சேர்த்துக் கட்டத் தொடங்கியது வில்லிஸ் ஜீப்பைத்தான் என்பதால், போடி, கம்பம் மலையடிவாரத்தில் எஸ்டேட் ஜீப்புகளைப் பழுது பார்க்கும் ஒரு பழைய கொட்டகையைச் செய்ய நினைப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான அளவு இல்லை. பின்னாளில் ஊர் முழுக்க ஓடிய உயர்ந்த பானட் ஜீப் வேறு மாடல், அதைக் கலந்துவிடக் கூடாது.

புல்லட் ஒர்க்‌ஷாப், டூ வீலர் பஞ்சர் கடை என்றால் யோசிக்கவே வேண்டாம், 1:12. 10 அடிக்கு 12 அடிக் கடை 10 அங்குலத்துக்கு 12 அங்குலமாகும். செயின், ஸ்போக், கிளட்ச் கேபிள் எல்லாம் செய்ய முடியும். கிட் எனப்படும், பாகங்களாக வாங்கி ஒட்டிச் சேர்க்கும் மாடல்களைச் செய்யும் பெரிய நிறுவனங்களின் மோட்டார்சைக்கிள் வரிசையும் 1:12தான் என்பதால் கைப்பிடி, கண்ணாடி, டயர் போன்ற உதிரிகளை எடுத்துக்கொள்ளலாம்.

கார் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தால் உண்மையான போட்டி 1:18க்கும் 1:24க்கும். நான் இதில் ஒரு மாதம் இழுபறியாக இருந்தேன். 1:18இல் டை-காஸ்ட் (உலோகத்தில் வார்த்த) கார்களுக்குப் பானட் திறக்கும், கதவு திறக்கும், என்ஜினின் மேல்பகுதி தெரியும். ஸ்பேனர் 11 மி.மீ. வரும், அதில் எண் பொறித்தாலும் பொறிக்கலாம். மனிதன் 9 செ.மீ.க்கு மேல் நிற்பான். ஆனால் அந்த அளவில் எதையும் ஏமாற்ற முடியாது. மேஜையின் இழுப்பறை பாதி திறந்திருந்தால் உள்ளே சாமான் இருந்தாக வேண்டும். சுவிட்ச் பெட்டிக்கு ஒயர் ஒவ்வொன்றாக வர வேண்டும். 1:24இல் பாதி வேலையைக் கண்ணே நிரப்பிக்கொள்ளும். 1:18இல் நிரப்பாது, குறையை மட்டும் எடுத்துக் காட்டும். மாமாவின் இடத்தில் நான் எண்ணிய சாமான்கள் நானூறுக்கு மேல். மாலை நேரம் மட்டும் வேலை செய்பவனுக்கு 1:18 முடியாத காரியம்.

1:24இல் ஸ்பேனர் 8 மி.மீ. வளையம் தெரியும், வளைவு தெரியும். அதைவிட என்னை முடிவுக்குக் கொண்டுவந்தது சுவர் எழுத்து. மாமா போன் நம்பர்களையும் பாக்கிக் கணக்கையும் சாக்பீஸால் சுவரில்தான் எழுதுவார். சுமார் 5 செ.மீ. உயர எழுத்து. 1:24இல் அது 2 மி.மீ.; கூராகச் சீவிய வெள்ளைப் பென்சிலால் எழுத முடிகிறது, படிக்கவும் முடிகிறது. 1:43இல் 1 மி.மீ.க்குக் கொஞ்சம் கூடுதல், எழுத்து கோடாகிவிடுகிறது. எனக்கு அந்தச் சுவர் எழுத்து வேண்டும். அதனால் 1:24.

கார் எங்கிருந்து வரும்

இதுதான் 1:24இன் பலவீனம், மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 1957 முதல் 2014 வரை அம்பாசிடரைச் செய்தது. அத்தனை லட்சம் பேர் ஏறி இறங்கிய கார், ஆனாலும் கடையில் போய் "1:24 அம்பாசிடர் கிட் கொடுங்கள்" என்று கேட்டு வாங்க முடிந்ததில்லை. கொல்கத்தா மஞ்சள் டாக்சியாக 1:43இல் டை-காஸ்ட் வந்திருக்கிறது. உள்ளூர்ப் பொம்மைக் கடையில் இழுத்து விட்டால் ஓடும் பிளாஸ்டிக் அம்பாசிடர் கிடைக்கிறது, அதில் உடலமைப்பு ஆச்சரியப்படும் அளவுக்குச் சரியாகவே இருக்கிறது.

பொம்மையின் அளவைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: உண்மையான அம்பாசிடரின் நீளம் சுமார் 4325 மி.மீ. பொம்மையை மி.மீ.யில் அளந்து, 4325ஐ அந்த எண்ணால் வகுக்க வேண்டும். 180 மி.மீ. வந்தால் அது 1:24. 120 மி.மீ. வந்தால் 1:36. பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம், கடைக்குப் போகும்போது ஒரு சின்ன ஸ்கேலைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பின் சக்கரத்துக்கும் முன் சக்கரத்துக்கும் நடுவில் உள்ள தூரத்தையும் பாருங்கள். நிஜத்தில் அது 2464 மி.மீ., 1:24இல் 103 மி.மீ. வர வேண்டும். நீளம் சரியாக இருந்து இது தவறினால் அந்தப் பொம்மை இழுத்து நீட்டப்பட்டது.

அப்படியானால் மூன்று வழிகள். ஒன்று, சரியான நீளத்தில் பொம்மை கிடைத்தால் அதைப் பிரித்து, ஸ்பிரிங் பெட்டியைக் கழற்றி எறிந்து, உள்ளே இருக்கை, ஸ்டியரிங் செய்து, புதிதாகப் பெயிண்ட் அடிப்பது. இரண்டு, அம்பாசிடரின் மூலமான மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையின் வரைபடங்களை வைத்து 3டி பிரிண்ட் எடுப்பது. மூன்று, ஃப்ளெக்ஸ் போர்டு கடைக்காரர்கள் வைத்திருக்கும் சன்போர்டையும் (இலேசான பிளாஸ்டிக் நுரைப் பலகை) எம்-சீலையும் வைத்துக் கையாலேயே செதுக்குவது. மூன்றாவது வழி அழகானது, ஆனால் அம்பாசிடரின் உருண்டைப் பானட்டை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கொண்டுவருவது பெரும்பாடு. நான் முதல் வழியில் போனேன். ஒரு கார் முழுசாக, இன்னொன்று டிங்கரிங்குக்கு நிற்பதுபோல ஒரு மட்கார்டு கழற்றி, பட்டி பூசி. பட்டி பார்த்த கார் ஒன்று நிற்காத ஒர்க்‌ஷாப்பை மதுரையில் நான் பார்த்ததில்லை.

பெயிண்டில் ஒரே ஒரு எச்சரிக்கை. கார் பெயிண்ட் கடையில் கிடைக்கும் என்.சி. பெயிண்டையும் தின்னரையும் டை-காஸ்ட் உலோகத்தில் தாராளமாக அடிக்கலாம். பிளாஸ்டிக் கிட்டில் நேரடியாக அடித்தால் மேற்பரப்பு வெந்து சுருங்கிவிடும். தண்ணீர் சேர்க்கும் அக்ரிலிக்கே பிளாஸ்டிக்குக்குப் பாதுகாப்பு.

சுவரும் கூரையும்

சுவருக்கு நான்கு பொருட்களை வைத்துப் பார்த்தேன். தெர்மாகோல் எல்லா ஸ்டேஷனரிக் கடையிலும் கிடைக்கும், ஆனால் ஃபெவிக்விக்கும் ஸ்ப்ரே பெயிண்டும் பட்டால் கரைந்து குழி விழும்; மணி மணியாக உதிரவும் செய்யும். மரநாரை அழுத்திச் செய்த 3 மி.மீ. எம்.டி.எஃப். பலகையை லேசரில் வெட்டித் தருகிறார்கள், கோணம் அச்சாக வரும், ஆனால் விளிம்பு ஈரம் பட்டால் உப்பிவிடும். அதன் மேல் சுண்ணப்பூச்சு பூசும் எண்ணம் இருந்தால் முதலில் இரண்டு கை பிரைமர் அடித்தே ஆக வேண்டும். பால்சா மரம் இலேசானது, ஆனால் மரச் சுவருக்குத்தான் பொருந்தும். நம் ஊர் ஒர்க்‌ஷாப்புக்கு எங்கே மரச் சுவர்? கடைசியில் 5 மி.மீ. சன்போர்டுதான் வென்றது. ஈரம் தாங்கும், கட்டர் கத்தியால் வெட்டலாம், ஃபெவிக்விக் போட்டால் கரையாமல் பிடிக்கும். போர்டு செய்யும் கடைகளில் மிச்சத் துண்டுகளைக் கேட்டாலே கிடைக்கும்.

அதன் மேல் ஃபெவிகால் தடவி, ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். பூச்சு பெயர்ந்த இடத்தில் மட்டும் செங்கல் தெரிய வேண்டும். 9 அங்குலச் செங்கல் 1:24இல் கிட்டத்தட்ட ஒன்பதரை மி.மீ. நீளம், 3 மி.மீ. உயரம். முழுச் சுவருக்கும் செங்கல் கீற வேண்டாம், உள்ளங்கை அளவு இடம் போதும். சுவர் முழுக்கச் செங்கல் தெரியும்படி செய்தால் வெளிநாட்டு கராஜ் மாதிரி ஆகிவிடுகிறது. நம் சுவர் என்றால் நீலம் கலந்த சுண்ணாம்பு, அதன் மேல் கை படும் உயரத்தில் கிரீஸ் கறை. கறை எந்த உயரத்தில் என்பது முக்கியம்: நாலு முதல் ஐந்து அடி, அதாவது தரையிலிருந்து இரண்டு முதல் இரண்டரை அங்குலம், சுவிட்ச் பெட்டியைச் சுற்றியும் கதவு நிலையிலும் அடர்த்தியாக.

கூரைக்கு நெளி பிளாஸ்டிக் தகடு வாங்கலாம், அலுமினியத் தகட்டைப் பல்சக்கரத்தில் விட்டு நெளிக்கலாம், அட்டைப்பெட்டியைக் கிழிக்கலாம். இந்த மூன்றில் அட்டைப்பெட்டி ஜெயித்தது எனக்கே ஆச்சரியம். நம் சிமெண்ட் ஷீட்டில் ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே 146 மி.மீ., ஆழம் 48 மி.மீ. 1:24இல் 6 மி.மீ.யும் 2 மி.மீ.யும். சாதாரணப் பார்சல் பெட்டியின் நடு நெளியை ஸ்கேல் வைத்து அளந்தால் பல பெட்டிகளில் 6 மி.மீ.க்கு அருகில் வருகிறது. மேல்தாளை ஈரத்துணியால் நனைத்து உரித்து, நெளியை 44 மி.மீ. அகலத் துண்டுகளாக வெட்டிக்கொள்ள வேண்டும். நிஜ ஷீட் 1.05 மீட்டர் அகலம் என்பதால் இந்தக் கணக்கு. ஒரு அலை மேல் ஒரு அலை ஏறும்படி ஒட்டினால் கூரை உயிர் பெறும். ஒரே பெரிய துண்டாகப் போட்டால் எவ்வளவு நன்றாகப் பெயிண்ட் அடித்தாலும் அட்டை அட்டைதான். தகரக் கூரையாக வேண்டுமென்றால் நெளி இன்னும் நெருக்கம், 3 மி.மீ. சுற்றி. சின்னச் சாமான்கள் வரும் மெல்லிய பெட்டிகளில் அந்த நெளி இருக்கும்.

கூரையை ஒட்டிவிடாதீர்கள், கழற்றி எடுக்கும்படி வையுங்கள். உள்ளே ஒட்டிய ஏதாவது ஒன்று என்றாவது ஒருநாள் விழத்தான் செய்யும்.

தரை

ஒர்க்‌ஷாப்பின் முகம் தரைதான் என்று நினைக்கிறேன். மாமாவின் இடத்தைப் பற்றிக் கேட்டால் யாரும் சுவரைச் சொல்வதில்லை, அந்தக் கறுப்புத் தரையையும் அதன் மணத்தையும்தான் சொல்கிறார்கள். மணத்தைக் கொண்டுவர முடியாது. கறுப்பைக் கொண்டுவரலாம்.

உள்ளே சிமெண்ட் தரை, வெளியே மண் தரை. உள்தரைக்கு நிஜச் சிமெண்டையே மெல்லியதாகப் போட்டுப் பார்த்தேன். கனம் கூடியது, தூக்கும்போது பலகை வளைந்து ஓடு ஓடாகப் பெயர்ந்தது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சீக்கிரம் இறுகும், அழகாக வெடிக்கவும் செய்யும், ஆனால் நிறத்தை உறிஞ்சுவதால் முதல் கை கறை எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. டைல்ஸ் இடுக்கில் பூசும் கிரவுட்டைச் சாம்பல் நிறத்தில் வாங்கி, ஃபெவிகால் கலந்த தண்ணீரில் குழைத்துப் போட்டதே எனக்குச் சரியாக வந்தது. நிறம் ஏற்கனவே சிமெண்ட் நிறம். துகள் மாவுபோல மெல்லியது, அதனால் அளவு கெடுவதில்லை.

வெளியே மண் தரைக்கு மண்தான். ஆனால் அப்படியே அள்ளிப் போடக் கூடாது. அரை மில்லிமீட்டர் மணல் துகள் 1:24இல் 12 மி.மீ. கல்லாகிவிடும், தரை முழுக்க ஜல்லி கொட்டியதுபோல இருக்கும். டீ வடிகட்டியில் ஒருமுறை, பிறகு வேட்டித் துணியில் ஒருமுறை சலித்தால் கிடைக்கும் தூசுதான் நமக்கான மண். எந்த மண் என்பதும் முடிவு செய்ய வேண்டியதே. திருமங்கலம் பக்கம் கரிசல், மேலூர்ப் பக்கம் செம்மண். ஒர்க்‌ஷாப் எந்தச் சாலையில் இருக்கிறது என்பதை அந்த நிறமே சொல்லிவிடும். மண்ணைத் தூவியபின் ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு மூன்று பங்கு தண்ணீர், அதில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், எல்லாம் கலந்து இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக விட்டால் மண் நகராமல் உறிஞ்சிக்கொள்ளும். ஒரு இரவு காய வேண்டும்.

எண்ணெய்க் கறைக்கு நிஜ என்ஜின் ஆயிலை விடலாம் என்று பலருக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது, சின்னத் துண்டில் விட்டுப் பார்த்தேன். அது காய்வதே இல்லை. நாளுக்கு நாள் பரவி, ஒட்டிய இடத்தையெல்லாம் விட வைத்துவிட்டது. கறுப்பு, காபிக்கொட்டை நிற அக்ரிலிக்கைத் தண்ணீராகக் கலந்து ஆறு ஏழு கை மெல்லியதாகக் கொடுப்பதே வழி. பழைய கறை மங்கலாகத்தான் இருக்கும், பளபளப்பு கூடாது. இன்றைக்குச் சிந்தியது என்று காட்ட வேண்டிய இரண்டு மூன்று இடத்தில் மட்டும் பளபள வார்னிஷ் ஒரு சொட்டு. கறை எங்கே விழும் என்பதற்கு எந்த ஒர்க்‌ஷாப்பிலும் போய்ப் பாருங்கள்: என்ஜினுக்கு நேர் கீழே, கியர் பாக்ஸுக்குக் கீழே, வடித்த ஆயில் வைத்திருக்கும் டின்னைச் சுற்றி. சக்கரம் ஓடும் தடம் கொஞ்சம் வெளுத்தே இருக்கும். சிந்திய ஆயில் மேல் மரத்தூள் போட்டு வைப்பார்கள் அல்லவா, அதற்கு மரத்தூளையே சலித்துப் போடலாம். ஒரே சீராகக் கறுப்படித்த தரையைப் பார்த்தால் அதைச் செய்தவர் ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்ததே இல்லை என்று தெரிந்துவிடும்.

கருவிகள்: வாங்குவதா, பிரிண்ட் எடுப்பதா, கையால் செய்வதா

ஜப்பானின் ஃபுஜிமி நிறுவனம் கராஜ் கருவிகள் என்று 1:24இல் ஒரு வரிசையே வைத்திருக்கிறது. வேலைப்பாடு பிரமாதம். ஆனால் அதில் இருப்பது ஜப்பானியக் கராஜ்: சக்கரம் வைத்த சிவப்பு டூல் டிராலி, சுத்தமான அலமாரி. பெஞ்ச் வைஸ், ஜாக்கி போன்றவற்றை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். மற்றவற்றை நம் இடத்தில் வைத்தால் இரவல் சட்டை போட்டதுபோல இருக்கிறது.

3டி பிரிண்ட் எடுப்பதென்றால் எந்த வகை என்று பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கும் பிரிண்டரில் ஒரு அடுக்கு பொதுவாக 0.2 மி.மீ. 1:24இல் அது நிஜத்தில் 5 மி.மீ. படிக்கட்டுக்குச் சமம், ஸ்பேனரில் படிக்கட்டு தெரிந்தால் என்ன செய்வது? திரவத்தை ஒளியால் இறுக்கும் ரெசின் பிரிண்டரில் 0.05 மி.மீ., நிஜத்தில் ஒரு மில்லிமீட்டரைச் சுற்றி. பெயிண்ட் அடித்தால் மறைந்துவிடும். ஆகவே சின்னச் சாமானுக்கு ரெசின், டேபிள், ரேக் போன்ற தட்டையானவற்றுக்கு இழை. இறுகாத ரெசினைக் கையுறை இல்லாமல் தொடக் கூடாது, மூடிய அறையில் வைத்து வேலை செய்யவும் கூடாது. இழை பிரிண்டரில் பெரும்பாலும் பயன்படும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரியில் இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் ஜன்னல் மூடிய காருக்குள் டயோரமாவை வைத்துவிட்டு மாட்டுத்தாவணியில் டீ குடிக்கப் போகாதீர்கள்.

என் முடிவு: ஒரே மாதிரி பல வேண்டும் என்றால் பிரிண்ட், ஒன்றே ஒன்று என்றால் கை. ஸ்பேனர் செட், ஸ்பார்க் பிளக், வீல் நட் பிரிண்ட் எடுத்தேன். மீதி எல்லாம் கையால். தேடினால் வீட்டிலேயே இருக்கிறது. 200 லிட்டர் டிரம் 1:24இல் 24 மி.மீ. விட்டம், 25 மி.மீ. எலக்ட்ரிகல் பி.வி.சி. பைப்பை ஒன்றரை அங்குலம் வெட்டி, நடுவில் இரண்டு வளையம் நூல் சுற்றினால் டிரம் தயார். கேஸ் வெல்டிங் சிலிண்டருக்குத் தடித்த ஸ்கெட்ச் பேனாவின் உடல், மேலே எம்-சீலால் தோள். ஆக்சிஜன் கறுப்பு, அசிட்டிலின் மெரூன். இந்த நிறத்தை மாற்றிவிட்டால் வெல்டர் யாராவது பார்த்ததும் சொல்லிவிடுவார். ஹெட்லைட் குழிக்கு மாத்திரை அட்டையின் வெள்ளி. காற்றடிக்கும் ஹோஸ் பைப்புக்குச் சிவப்பு ஒயர். என்ஜினைத் தூக்கும் மாமாவின் செயின் பிளாக்கை மட்டும் நகைக்கடையில் கிடைத்த மெல்லிய சங்கிலியில் செய்தேன், அதற்கு வேறு வழி தெரியவில்லை.

எந்த நாளைச் செய்வது என்பதும் ஒரு முடிவுதான். சரஸ்வதி பூஜை நாள் என்னை வெகுவாக இழுத்தது: கழுவிய தரை, வாசலில் வாழைக்கன்று, ஸ்பேனருக்கெல்லாம் சந்தனம் குங்குமம், தட்டில் பொரி. நிறம் அள்ளும். ஆனால் அன்று கருவிகள் எல்லாம் ஓர் இடத்தில் அடுக்கி இருக்கும், யாரும் வேலை செய்ய மாட்டார்கள், எண்ணெய்க் கறை பாதி போயிருக்கும். மாமா கேட்டது வேலை நடக்கும் இடத்தை. அதனால் சாதாரண நாள், காலை பதினொரு மணி. இன்னும் பழைய காலத்துக்குப் போக விரும்புபவர்களுக்கு மதுரையில் நல்ல களம் இருக்கிறது. 1911இல் டி.வி.சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய டிவிஎஸ் இந்த ஊரை மோட்டார் ஊராக்கியது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது கரி வாயுவில் வண்டி ஓட்டும் கேஸ் பிளாண்ட்டுகளை அவர்கள் செய்தார்கள். பின்னால் கரி அடுப்பு பொருத்திய பஸ் ஒன்று நிற்கும் 1940களின் பட்டறையை யாராவது 1:43இல் செய்தால் நான் முதல் ஆளாகப் போய்ப் பார்ப்பேன்.

விளக்குக்கு ஒரு வரி போதும்: 12 வோல்ட் எல்.இ.டி. பட்டையில் மூன்று பல்புக்கு ஒருமுறை வெட்டலாம், மீட்டருக்கு 60 பல்பு உள்ள பட்டையில் அந்தத் துண்டு 5 செ.மீ., அதுவே 1:24இல் நாலடி டியூப் லைட்டின் நீளம். பட்டை 8 மி.மீ. அகலம் என்பதால் உத்திரத்துக்குப் பின்னால் மறைத்து வையுங்கள். வெள்ளை வெளிச்சம்தான், மஞ்சள் வேண்டாம். பெட்டிக்குக் கண்ணாடியா அக்ரிலிக்கா என்றால், ஓரிடத்தில் நிற்கும் என்றால் கண்ணாடி. தூக்கிக்கொண்டு போவதென்றால் அக்ரிலிக், ஆனால் அதைத் துடைக்கத் துடைக்கத் தூசியை இழுக்கும், கீறலும் விழும்.

ஆட்கள்

இதில்தான் கடைசி வரை தடுமாறினேன். 1:24இல் விற்கும் மெக்கானிக் பொம்மைகள் முழு ஓவரால், பூட்ஸ் போட்டவை. மாமாவிடம் வேலை பார்த்தவர்கள் காக்கி அரைக்கால் சட்டையோ லுங்கியோ, மேலே பனியன்தான், காலில் ஒன்றும் இல்லை. திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் விளாச்சேரியில் கொலு பொம்மையும் கிறிஸ்துமஸ் குடில் பொம்மையும் செய்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களிடம் ஏழு செ.மீ. உயரத்தில் ஓர் ஆளைச் செய்து வாங்கலாம் என்று போனேன். உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவரை அற்புதமாகச் செய்து கொடுத்தார்கள். முகத்தில் அப்படியொரு அமைதி, ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடிக்கும் வாடிக்கையாளராக வைத்துவிட்டேன். ஆனால் ஸ்பேனர் பிடிக்கும் விரல் களிமண்ணில் வராது, இரண்டு மி.மீ. தடிமனுக்குக் கீழே போனால் காயும்போதே உடைந்துவிடுகிறது. கிட் பொம்மையை வெட்டி, ஓவராலைச் சுரண்டி, டிஷ்யூ பேப்பரை ஃபெவிகாலில் நனைத்து லுங்கியாகச் சுற்றினால் வரும். ஒன்றுக்கு ஒரு வாரம் ஆனது.

கடைசியில் ஒரு லுங்கிக்காரரைக் குழிக்குள் இறக்கி, தோளும் தலையும் மட்டும் தெரிய வைத்தேன். இன்னொருவர் அம்பாசிடருக்கு அடியில் மல்லாக்கப் படுத்திருக்கிறார், கிழிந்த சாக்கின் மேல். முழங்காலுக்குக் கீழே மட்டும்தான் வெளியே தெரியும். விரலும் வேண்டாம், முகமும் வேண்டாம், இரண்டு கால் போதும். அவர் கைக்கு எட்டும் தூரத்தில் 8 மி.மீ. ஸ்பேனர் ஒன்று.

போன வாரம் மாமா வந்து பார்த்தார். குனிந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டு அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான்தானா?" என்று கேட்டார். ஆமாம் மாமா என்றேன். "செருப்ப வண்டிக்கு வெளியதான் கழட்டிப் போட்டிருப்பேன்" என்றார்.

செருப்பு 11 மி.மீ. வரும். பழைய சைக்கிள் டியூபில் வெட்டிக்கொண்டிருக்கிறேன்.